கட்டு அவிழ்க்காத காக்கா

கல்முனையோ, சாய்ந்தமருதோ, நிந்தவூரோ, உங்கள் பைக் கூட்டத்திலும் இப்படியொரு காக்கா இருப்பார். "நுவரெலியாவுக்கு பைக்கில போவமா?" என்று பேச்சு விழுந்த அன்றைக்கே முன்விறாந்தையில் சாக்கை விரித்து ஸ்பெனர்களை இலக்க வரிசையில் அடுக்கத் தொடங்கிவிடுவார். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீட்டர் பெற்றோல் வாங்கிய காலத்திலும், பொத்துவில் போய்வரவே கணக்குப் பார்த்த நாட்களிலும், காக்காவின் மூட்டை தயாராகவே கிடந்தது.

உள்ளே என்ன? அவர் பைக்குக்கு டியூப்லெஸ் டயர். மூட்டையில் டியூப் இரண்டு. எஞ்சினில் கார்பரேட்டரே கிடையாது. மூட்டையில் கார்பரேட்டர் ஜெட் குத்தும் கம்பி. டெட் சைமன் என்ற பிரித்தானியப் பத்திரிகையாளர் 1973இல் 500 சீசீ டிரயம்ப் பைக்கில் புறப்பட்டு நாலு வருடம் உலகத்தைச் சுற்றினார். எங்கள் காக்கா இரண்டு நாளைக்கு நுவரெலியா போகிறார். மூட்டையை மட்டும் பார்ப்பவர்கள் ஆளை மாற்றிச் சொல்வார்கள். இவ்வளவுக்குப் பிறகு அவருடைய மழைக்கோட்டுக்கு இடமிருக்காது. அது என் பைக்கில் வரும்.

ஆனால் கட்டுகிற அழகு இருக்கிறதே! பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி எடுத்த ரப்பர் பட்டி. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, சீட்டுக்குக் கீழால் சுற்றிப் பின்கம்பியில் ஒரு முடிச்சு, முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் இன்சுலேஷன் டேப். கடைசியில் இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவார். பைக் ஆடும், மூட்டை ஆடாது. அப்போது அவர் முகத்தில், மகளைக் கட்டிக்கொடுத்த வாப்பாவின் நிம்மதி.

சுபஹுக்குப் பிறகு அறுகம்பேயில் தேத்தண்ணி குடித்து, ஏ4 வீதியால் லாகுகலை, சியம்பலாண்டுவை, மொனராகலை என்று ஏறுவது எங்கள் வழி. லாகுகலைக் காட்டுக்குள் என் கிளச் கேபிள் அறுந்தது. யானை ரோட்டைக் கடக்கிற இடம். பக்கத்தில் கிடந்த லத்தியில் ஈரம் காயவில்லை. காக்காவிடம் கேபிள் இருந்தது. அவர் காட்டைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார்.

"தம்பி, இத அவுத்தா பொறகு இந்த மாதிரிக் கட்ட ஏலா. தள்ளி ஸ்டார்ட் பண்ணி முதலாம் கியர்ல விடுங்க, சியம்பலாண்டுவைல கராஜ் இரிக்கி."

தள்ளினேன். வேறு என்ன செய்ய? அவரும் இறங்கிப் பின்னால் நின்று தள்ளினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனிதர் கெட்டவரல்ல.

திரும்பி வருகையில், அறுகம்பே ரோட்டோரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன், வாடகை ஸ்கூட்டர், பக்கவாட்டில் அலைச்சறுக்குப் பலகை, ஸ்டார்ட் வரவில்லை. காக்கா பைக்கை நிறுத்தினார். முடிச்சை அவிழ்க்கவில்லை, சட்டைப்பைக்குள்ளிருந்து சின்னக் கத்தியை எடுத்து ரப்பர் பட்டியை வெட்டியே விட்டார்! ஸ்பெனரெல்லாம் தார் ரோட்டில் பரவியது. பிளக்கைக் கழற்றி, கரியை எமரித் தாளால் தேய்த்துப் பூட்டினார். ஸ்கூட்டர் உறுமியது. பையன் நீட்டிய காசை வாங்கவேயில்லை.

பெருமையாகத்தான் இருந்தது. பெருமையோடு சேர்ந்து வயிறும் எரிந்தது. முதல் முறை பார்த்தவனுக்குக் கத்தி, கூடப் பிறக்காத குறையாய்ச் சுற்றுகிற எங்களுக்குத் தள்ளு. இது நியாயமா காக்கா? கேபிளைக் கொண்டுவந்தது எதற்கு, ஊர் சுற்றிக் காட்டவா?

தூரப் பயணம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலதிகக் கிளச் கேபிளை, ஓடுகிற கேபிளோடு சேர்த்தே டேப் ஒட்டி வைத்துவிடுங்கள். அறுந்தால் முனையை மாற்றிப் பூட்டுவதோடு வேலை முடியும். பிளக் ஸ்பெனரும் 10, 12, 14 ஸ்பெனரும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். மற்றதற்குப் போகிற வழியெல்லாம் கராஜ் இருக்கிறது. காக்காவையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பாவம். கத்தியை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.