கோட்டு வாடகை

காரைக்குடிக்காரனிடம் எதையும் இரண்டு அணியாகப் பிரித்துக் கொடுத்தால் சாப்பாட்டை மறந்துவிடுவான். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர். வாதாடுவது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. உண்மையைச் சொல்வது எழுத்தா, படமா என்று உள்ளூர்க் கூட்டமொன்றில் தலைப்புக் கொடுத்தபோது எழுத்து அணியில் போய் உட்கார்ந்தேன். கோடு போட்டால் கோணலாகப் போகிறவனுக்கு வேறு எங்கே இடம்?

கண்ணதாசனை வைத்துத் தொடங்கினேன். 1927-இல் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்தவர். காரைக்குடியில் மணிமண்டபமும் சிலையும் உண்டு. சிலையைப் பார்த்தால் பெரிய மனிதர் என்று தெரியும், அவ்வளவுதான். அவர் பட்ட கடன், சபலம், அரசியலில் ஏமாந்தது எல்லாம் தெரிய வேண்டுமானால் அவரே எழுதிய 'வனவாசம்' படிக்க வேண்டும். சிலைக்கு வெட்கப்படத் தெரியாது என்றேன். நல்ல கைதட்டல்.

அதோடு இறங்கியிருக்கலாம். எங்கள் வீட்டுப் பட்டாலையில் ரவி வர்மா லட்சுமிக்குப் பக்கத்தில் தொங்கும் ஐயாவின், அதாவது என் தாத்தாவின், போட்டோவையும் மேடைக்கு இழுத்தேன். கோட்டும் தலைப்பாகையுமாக, மேசைமேல் கை வைத்து நிற்பார். பர்மாவில் பொன் குவித்தவரின் பெருமிதம் என்று அதைப் பற்றி ஏற்கெனவே ஒரு மலரில் எழுதியும் இருந்தேன். மேடையில் அதையே ஒப்பித்தேன். பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது அவருடைய பற்றுவரவு நோட்டு அகப்பட்டது. 'போட்டோ எடுத்த வகையில் கோட்டு வாடகை' என்று ஒரு வரி. பொன்னாவது குவிப்பதாவது! மனிதர் ரங்கூனில் இன்னொருவரின் வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். படம் பொய் சொல்லவில்லை. அந்த நிமிடம் கோட்டு அவர் தோளில்தான் இருந்தது. பொன்னைக் குவித்தது நான்.

நோட்டும் எழுத்துதானே, ஆகவே என் அணிதான் வென்றது என்று நழுவப் பார்த்தேன். ஐயாவின் கடிதக் கட்டு அதையும் கெடுத்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் ஊரே ஜப்பானியர் கைக்குப் போனது. இந்தியர்கள் கூட்டங்கூட்டமாகக் காடும் மலையும் தாண்டி நடந்துவந்தார்கள். அந்த நாட்களில் ஐயா போட்ட கடிதமும் 'இவ்விடம் யாவரும் சுகம்' என்றுதான் தொடங்குகிறது. அப்பத்தா அதற்கு உரை வைத்திருந்தார்: "அவுக சுகம்னு ஒரு தரம் எழுதுனா காய்ச்சல், ரெண்டு தரம் எழுதுனா கையில காசு இல்லப்பா."

அந்தப் பற்றுவரவு நோட்டைப் போல யாரையும் அசத்த நினைக்காத எழுத்தைத்தான் நம்பலாம் போலிருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் அவர். புத்தகங்களோடு பழைய நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு, 1994-இல் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. தூரிகை பிடித்துப் பிழைத்தவரே காகிதத்தைக் காப்பாற்றியது எங்கள் பட்டிமன்றத்துக்கு அடங்காத சங்கதி.

எதிரணிக்கும் நியாயம் செய்வோமே என்று ஆத்தங்குடிக்குப் போய்ப் படம் பதிந்த ஒரு தரைக்கல் செய்து பார்த்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சாந்து ஊற்றி, அச்சைத் தூக்க வேண்டும். பிறகு மேலே மணலும் சிமெண்டும் இட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டால் கண்ணாடி கழன்று பளபளப்பு தானாக வரும். நான் அச்சைத் தூக்கியதும் சிவப்பும் பச்சையும் கலந்து கொழுக்கட்டைப் பூரணம் போல ஆனது. வேலை செய்தவர் ஒன்றும் பேசவில்லை, ஓரமாக வைத்தார். எழுத்திலும் எனக்கு இதே கைதான். ஆனால் அங்கே நாலு அடைமொழியைப் பூசி மறைத்துவிடலாம், கல்லில் முடியாது. வரைந்தவனின் கையைப் பொறுத்தவரை படமே நேர்மையானது என்பது என் தீர்ப்பு. என் அணியினர் மன்னிக்கட்டும்.

இந்தப் பத்தியையும் முழுதாக நம்ப வேண்டாம். சபையில் சொல்லக் கூசாத தோல்விகளாகப் பொறுக்கித்தான் எழுதியிருக்கிறேன். மற்றவற்றை வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். வீட்டில் பழைய படம் இருந்தால் பின்பக்கம் பெயர், ஊர், ஆண்டு எழுதிவையுங்கள். இரவல் கோட்டு என்றால் அதையும் எழுதுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், யார் வீட்டு ஐயா, யார் வீட்டு ஆச்சி என்று தெரியாத படங்கள் சட்டத்தோடு விலைக்கு இருக்கின்றன.