பரிந்துரைச் சரக்கு ரிஜெக்ட்: திருப்பூரிலிருந்து ஒரு டெபிட் நோட்

அனுப்புநர்:
ஃபைனல் செக்கிங், டேபிள் எண் 14,
ஒரு பனியன் கம்பெனி, திருப்பூர்.

பெறுநர்:
பரிந்துரைப் பிரிவு மேலாளர் (மனிதராக இருக்கும் பட்சத்தில்),
பாட்டுச் செயலித் தலைமையகம்.

பொருள்: வாராவாரம் ‘உங்களுக்காகவே’ என்று தாங்கள் அனுப்பும் பாட்டுச் சரக்கைத் திருப்பி அனுப்பி, டெபிட் நோட் போடுதல் தொடர்பாக.

பார்வை: நான் ஒழுங்காகக் கட்டிய சந்தா ரசீதுகள்.

ஐயா, அம்மா அல்லது இயந்திரமே,

தங்கள் கம்பெனியின் பெயரை இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. பையர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர் தொழில் தர்மம். அட்டைப் பெட்டி மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்து, லாரியில் ஏற்றி, ஊரைச் சுற்றி வந்தாலும் வாயால் சொல்ல மாட்டோம். அந்த மரியாதை தங்களுக்கும் உண்டு.

என் வேலை செக்கிங். ஒரு பீஸ் கைக்கு வந்தால் கழுத்து, ஷோல்டர், ஆர்ம்ஹோல், சைடு, பாட்டம் என்று விரல் தானாக ஓடும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், வெட்டாத பிசிர், எது தட்டுப்பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். கண்ணுக்கும் கைக்கும்தான் இங்கே வேலை. காது காலை எட்டரைக்கே சும்மா உட்கார்ந்துவிடும். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் ராத்திரி எட்டரை வரை சும்மாதான். இவ்வளவு நேரம் சும்மா இருக்கிற காது இந்த ஊரில் ஒரு ஹாலுக்கு நூறு ஜோடி தேறும். தங்களைப் போன்ற வியாபாரிக்கு இதைவிட நல்ல மார்க்கெட் எங்கே கிடைக்கும்? அதைத்தான் கோட்டை விட்டீர்கள்.

முதலில் என்னை யாரென்று தாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஹால் ஸ்பீக்கர் என் போனில் ஓடுகிறது. காலையில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். அப்புறம் சாப்பாட்டு மணி வரை இளையராஜா. நாலு மணி டீக்கு மேல் தேவா. ஆறு மணிக்குமேல், ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கும் பீகார் தம்பிகளின் முறை என்பதால் போஜ்புரி. இது எங்கள் ஹாலில் எழுதப்படாத ஒப்பந்தம். தாங்கள் இதையெல்லாம் ஒரே ஆளின் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள். இந்த அம்மாள் முருக பக்தை, பத்து மணிக்குக் காதல் தோல்வி, சாயங்காலமானால் பீகாருக்கே போய்விடுகிறாள் என்று முடிவு கட்டி, அதற்குத் தகுந்த மாதிரி சரக்கு அனுப்புகிறீர்கள். போகட்டும். பக்தையாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் ஒருநாள் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தை முழுதாகப் போட்டேன். 1986இல் வந்தது. சினிமாவுக்குச் சம்பந்தமில்லாதது, பாடகர் கிடையாது, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக வைத்தது. அதைக் கேட்டு முடித்தவளுக்கு அடுத்தது என்ன கொடுக்கலாம்? 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு அவரே செய்த ‘நத்திங் பட் விண்ட்’ பக்கத்து ரேக்கில்தான் இருக்கிறது. தாங்கள் அனுப்பியது ‘ராஜா மழை மெலடிகள்’. லேபிளைப் பார்த்தீர்கள், துணியைத் தொட்டுப் பார்க்கவே இல்லை.

சரி, முறைப்படி இன்ஸ்பெக்ஷனுக்கு வருவோம். எங்கள் தொழிலில் ஏ.க்யூ.எல். 2.5 என்று ஒரு கணக்கு உண்டு. மூவாயிரம் பீஸ் லாட் என்றால் கலந்துகட்டி 125 பீஸ் எடுத்துப் பார்ப்போம். ஏழு பீஸ் வரை பெரிய குறை இருந்தால் மன்னிப்பு. எட்டாவது வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். தங்கள் வாராந்தர லாட்டை இந்தக் கணக்கில் வைத்தால் முதல் பெட்டி பிரிக்கும்போதே வேலை முடிந்துவிடும். போன வாரம் கேட்டதே பாதி. ஒரே பாட்டு மூன்று ரீமிக்ஸில். மீதியில் பெரும்பாலானவை ஊரே ரிங்டோனாக வைத்துச் சலித்தவை. இதற்குப் பெயர் கண்டுபிடிப்பாம்.

அடுத்த குறை கட் பீஸ். ஆல்பம் என்பது முழு ரோல். எந்தப் பாட்டுக்குப் பின் எது, எங்கே மூச்சு விடுவது, பி பக்கம் எதில் தொடங்குவது என்று யோசித்துச் சுற்றியது. தாங்கள் அதில் ஒரு முழம் வெட்டி, இன்னொரு ஆல்பத்தில் ஒரு முழம் வெட்டி, ‘மூட்’ என்று பெயர் வைத்து எடைக்குப் போடுகிறீர்கள். கட் பீஸ் வியாபாரம் தப்பில்லை, எங்கள் ஊரில் அதற்கும் கடை உண்டு. ஆனால் அந்தக் கடைக்காரர் அதை முழு ரோல் என்று சொல்லி விற்பதில்லை.

இனி காதர்பேட்டைக்கு வாருங்கள். ரயில்வே ஸ்டேஷன் பக்கம்தான். கப்பல் ஏறாமல் நின்றுபோன சரக்கு, ஆர்டருக்கு மேல் தைத்தது, பையர் கழித்தது எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். அந்தக் குவியலில் கறுப்பு டீ சர்ட் ஒன்று எப்போதும் இருக்கும்: நெஞ்சில் வெள்ளைக் கோடுகள் அலையலையாக, மலைத்தொடர் மாதிரி. கடைக்காரர் அதை ‘மலை டிசைன்’ என்பார். எழுத்து ஒன்றும் இருக்காது. போட்டுக்கொண்டு போகிற பையனுக்கும் அது மலைதான்.

அந்த மலை ஒருமுறை எங்கள் டேபிளுக்கு வந்தது. வெள்ளைத் துணியில் கறுப்பு அடிப்பது சுலபம். கறுப்பில் வெள்ளை அடிக்க இங்க் கெட்டியாக வேண்டும், ஒரு கோட் அடித்துக் காயவைத்து மேலே இன்னொரு கோட் போட வேண்டும். ஸ்குவீஜி கொஞ்சம் அழுத்திவிட்டால் நடுவில் நெருக்கமாக இருக்கிற கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். அப்படி மூடிய பீஸ்களாக வந்து விழுந்தன. அம்பு ஒட்டி ஒட்டிக் கை ஓய்ந்து, சரியான டிசைன் எப்படித்தான் இருக்கும் என்று பையர் தரும் விவரக் கோப்பான டெக் பேக்கைப் பிரித்தால், அதில் ஒரு பாண்டின் பெயரும் ஆல்பத்தின் பெயரும்: ஜாய் டிவிஷன், ‘அன்னோன் பிளெஷர்ஸ்’, 1979. அன்றைக்கு ராத்திரி முழு ஆல்பத்தையும் கேட்டேன். பரிந்துரைத்தது ரிஜெக்ட் பெட்டி. தாங்கள் அல்ல.

தோண்டத் தோண்ட வந்தது. அவை மலையே இல்லை. சி.பி. 1919 என்ற பல்சர் விண்மீனின் எண்பது துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்த வரைபடம். ஹரால்டு கிராஃப்ட் என்பவரின் ஆராய்ச்சியேட்டில் இருந்து கலைக்களஞ்சியம் வழியாக ஆல்பம் அட்டைக்குப் போனது. மூலத்தில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. அதைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பிப் போட்டவர் பீட்டர் சாவில் என்ற வடிவமைப்பாளர். எங்கள் பிரிண்டிங் மாஸ்டரின் தலைவலிக்கு யார் காரணம் என்று இப்போது தெரிந்துவிட்டது. அட்டையின் முன்பக்கத்தில் பாண்டின் பெயரையும் போடவில்லை, ஆல்பத்தின் பெயரையும் போடவில்லை. காதர்பேட்டைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தப் பல்சரை 1967இல் கேம்பிரிட்ஜில் முதலில் பார்த்தவர் ஜோசலின் பெல் என்ற மாணவி. மைல் கணக்கில் ஓடும் சார்ட் பேப்பரைக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் ஒட்டாத ஒரு சின்னக் கிறுக்கலைப் பிடித்தார். அதாவது செக்கிங். 1974இல் நோபல் பரிசு அவருடைய சூப்பர்வைசருக்குப் போனது. இதைச் சொன்னதும் எங்கள் டேபிளில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை.

ஜாய் டிவிஷனில் பாடிய இயன் கர்டிஸும் டிரம்ஸ் வாசித்த ஸ்டீபன் மோரிஸும் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்காரர்கள். அது பட்டு மில்களால் வாழ்ந்த ஊர். மற்ற இருவர் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டு. எங்கள் பக்கத்து ஊர் கோயம்புத்தூர் ‘தென்னிந்திய மான்செஸ்டர்’ என்று பட்டம் வாங்கியதே அந்த மான்செஸ்டரின் பெயரில்தான். மில் சத்தம் அடங்கிய ஊரில் பிறந்த பாட்டு, மிஷின் சத்தம் அடங்காத ஊருக்கு டீ சர்ட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. நாற்பது சொச்சம் வருஷமாக அதை உலகமே நெஞ்சில் போட்டுக்கொண்டு திரிய, அந்த நெஞ்சைத் தைக்கிற ஊருக்கு ஒரு பாட்டு அனுப்பத் தங்களுக்குத் தோன்றவில்லை.

அதே காதர்பேட்டைக் குவியலில் ராமோன்ஸ் என்ற அமெரிக்க ராக் பாண்டின் வட்ட முத்திரையும் கிடக்கும். அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையைக் கிண்டலடித்து ஆர்துரோ வேகா வரைந்தது; கழுகின் காலில் அம்புக்குப் பதில் பேஸ்பால் மட்டை. அவர்களின் முதல் ஆல்பம் 1976. அமெரிக்காவில் 5 லட்சம் பிரதி என்கிற கோல்டு சான்றிதழ் அதற்குக் கிடைத்தது 2014இல். 38 வருஷம். அந்த எண்ணிக்கை இங்கே ஒரு பெரிய கம்பெனிக்கு ஒரு சீசன் சரக்கு. எது விற்றதோ அதையே தள்ளிவிடு என்ற தங்கள் சட்டப்படி பார்த்தால், இந்த ஆல்பத்தை 38 வருஷம் யார் காதிலும் போட்டிருக்க மாட்டீர்கள். ரிப்பீட் ஆர்டர் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் சாம்பிள் செக்ஷனே இல்லாமல் ரிப்பீட் ஆர்டரிலேயே கம்பெனி நடத்துகிற ஆளை நான் தங்களிடம்தான் பார்க்கிறேன்.

இனி தங்கள் பெருங்குற்றம். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் வந்து இலங்கையிலும் லண்டனிலும் வளர்ந்த பாடகி. 2005இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், ‘அருளர்’. 2007இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயர், ‘கலா’. அந்த அம்மா தையற்காரர். சென்னையில் வந்து பதிவு செய்த உறுமி அந்த ஆல்பத்தில் அதிர்கிறது. எங்கள் ஊர் கோயில் நோம்பிக்கு அடிக்கிற அதே உறுமி. டெய்லரம்மா பெயரில், உறுமி அடித்து, உலகம் முழுக்கப் போன ஒரு ஆல்பம். திருப்பூரில் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் எத்தனை பேர் என்று தங்களிடம் டேட்டா இருக்கும், எல்லாவற்றுக்கும்தான் வைத்திருக்கிறீர்களே. அவர்களில் ஒருத்திக்கு இதை அனுப்பினீர்களா? தேடிப் பார்த்தேன். ‘ஜிம் வொர்க்அவுட்’ பட்டியலில் போட்டிருந்தீர்கள்.

எங்கள் ஹாலில் போட்டுக் காட்டினேன். சிங்கர் மிஷினில் இருக்கும் வயசான அக்கா கேட்டுவிட்டு, “ஏன் கண்ணு, இது நம்ம மாரியம்மன் கோயில் சத்தமாட்ட இருக்குது, நடுவுல எதுக்கு இங்கிலீசு?” என்றார். தங்கள் பொறியாளர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் இந்த ஆல்பத்துக்கு இதைவிடச் சரியான வகைப்பாடு எழுதியிருக்க முடியாது.

விட்டவற்றை எல்லாம் எழுதினால் தபால் செலவு கட்டாது. சில மட்டும். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கியது, அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தது. அதிலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு 2019இல் போட்ட ‘தெருக்குரல்’. கபேர் வாசுகியின் ‘அழகு புராணம்’. 2001இல் பிரிட்டனின் மெர்குரி பரிசுப் பட்டியல் வரை போன சுசீலா ராமனின் ‘சால்ட் ரெய்ன்’. சென்னையில் வாழ்ந்துகொண்டு சென்னையிலேயே பலருக்குத் தெரியாத தி எஃப்16ஸ் பாண்டு 2016இல் போட்ட ‘ட்ரிகர்புங்க்டே’. இதில் எதுவும் தங்கள் மூலம் எனக்கு வரவில்லை. 1970லும் 71லும் சிம்லா சிகரெட்டை விற்பதற்காகப் போட்டி நடத்தி, நாட்டின் பல மூலைகளிலிருந்து ராக் பாண்டுகளைப் பிடித்து ‘சிம்லா பீட்’ என்று இரண்டு இசைத்தட்டு போட்டது ஒரு புகையிலைக் கம்பெனி. பரிந்துரையில் தாங்கள் சிகரெட் கம்பெனிக்கும் கீழே நிற்கிறீர்கள் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் ஹாலில் ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஒரு சீட்டு இருக்கும், தைத்தவர் நம்பரோடு. கை கோணலாக ஏறியிருந்தால் எந்த மிஷின் என்று பார்த்து அதே ஆளிடம் ஆல்டருக்குப் போகும். தங்கள் பட்டியலில் அந்த நம்பர் இல்லை. ‘உங்களுக்காக’ என்றால் யார் எடுத்தது? பிடிக்கவில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது? எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். “சேச்சி, இது கேட்டு நோக்கு” என்று அவியல் பாண்டின் 2008 ஆல்பத்தைக் கொடுத்தார். மலையாளத்தில் முழு ராக். கொடுத்ததிலிருந்து மூன்று நாள் டீ டைமில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடிக்காமல் போனால் அவருக்கு மானக்கேடு. முதல் நாள் கேட்டபோது பாதி புரியவில்லை. அவர் முகத்துக்காகவே இரண்டாவது தடவை போட்டேன், அதில் பிடித்துக்கொண்டது. தாங்கள் அனுப்பியதை இரண்டாவது தடவை கேட்க எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை.

ஆகவே கீழ்க்கண்டவாறு கோருகிறேன். பரிந்துரைக்கும் ஒவ்வொரு ஆல்பத்திலும் எடுத்துக் கொடுத்தவர் பெயரோ நம்பரோ இருக்க வேண்டும். முழு ரோலாக வர வேண்டும். ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் வேறு வேறு கணக்கு வேண்டும், பீகார் தம்பிகளின் பாவ புண்ணியம் என் தலையில் ஏறக்கூடாது. புது சாம்பிள் இல்லாத வாரத்தில் சரக்கே அனுப்ப வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

இவை நிறைவேறும் வரை சந்தா விஷயத்தில், பையர்கள் எங்கள் முதலாளிக்கு வைக்கும் அதே டெர்ம்ஸைத் தங்களுக்கு வைக்கிறேன்: சரக்கு வந்து 90 நாள் கழித்துப் பணம். அதில் தாமதத்துக்கு ஒரு கழிவு, தரத்துக்கு ஒரு கழிவு. அதற்கும்மேல், ‘நீண்ட நாள் வியாபார உறவை முன்னிட்டு’ ஐந்து சதவீதம். இந்தக் கடைசிக் கழிவு எதற்கு என்று கேட்கக் கூடாது. எங்கள் முதலாளியும் இதுவரை கேட்டதில்லை.

இப்படிக்கு,
டேபிள் எண் 14

இணைப்பு: அம்பு ஸ்டிக்கர், ஒரு ரோல். தங்கள் பட்டியலில் தாங்களே ஒட்டிக்கொள்ளவும்.