தள்ளுவண்டியும் திண்டுக்கல் பூட்டும்

குழந்தை பிறப்பதற்கு முன் ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேரன் பிறந்த மறுநாளே அந்தத் தடை நீங்கிவிட, சேலையூர் வீட்டு வாசலில் டெலிவரிப் பையன்கள் வரிசை கட்டினார்கள்.

2015-இல் தமிழக அரசு, அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்குக் குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம் தர ஆரம்பித்தது. கொசுவலை, மெத்தை, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று மொத்தம் 16 பொருள். யாரோ பிள்ளை வளர்த்தவர் போட்ட பட்டியல். என் மகன் போட்ட பட்டியலில் பாட்டிலைக் கொதிக்கவைக்க ஒரு மெஷின், சூடாக்க ஒரு மெஷின், சூடு சரியா என்று பார்க்க ஒரு மெஷின். லேகியம்தான் இல்லை.

வந்ததிலேயே பெரியது தள்ளுவண்டி. சாலையில் அதைத் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். நடைபாதை இருக்கும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர், அது இல்லாத இடத்தில் பைக், அதுவும் இல்லாத இடத்தில் பள்ளம். இப்போது ரேஷன் அரிசிதான் அதில் சாய்ந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்கிறது.

பெல்ட் உண்மையில் வேண்டியது பைக்கில். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பெல்ட்டால் கட்ட வேண்டும், ஹெல்மெட் போட வேண்டும், 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் மத்திய அரசு விதி போட்டது. காலை ஒன்பது மணிக்கு ஜிஎஸ்டி சாலையில் 40-ஐத் தொடுகிறவருக்குச் சிலையே வைக்கலாம். ஆக, மூன்றில் ஒரு விதியை நாம் முயற்சியே இல்லாமல் கடைப்பிடிக்கிறோம். மற்ற இரண்டுக்கும் பதிலாகப் பிள்ளையைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து, "கெட்டியாப் புடிச்சுக்கடா" என்கிறோம்.

சக்கரம் வைத்த வாக்கர் வேண்டாம். படியில் உருண்டு மண்டை உடைகிறது என்பதால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை கனடாவில் இல்லாததால், அங்கே இன்னும் பேரம் பேசி வாங்கலாம்.

தூக்க இலாகா சம்பந்தியம்மாவிடம். "கவுத்துப் போட்டாத்தான் நல்லாத் தூங்கும். எம் பொண்ண அப்படித்தான் வளர்த்தேன்" என்றார். டாக்டரோ மல்லாக்கப் படுக்கவையுங்கள், அழுத்தமான சமதளப் படுக்கை போதும், தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம் என்றார். அமெரிக்காவில் 1994-இல் இதையே இயக்கமாக நடத்தினார்கள். தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் சிசுக்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியானது. இதைச் சொன்னதும் சம்பந்தியம்மா, "அமெரிக்காக்காரனுக்குத் தூளி கட்டத் தெரியுமா?" என்றார். கடைசியில் சமாதானம் ஆனது: ஆள் பக்கத்தில் இருக்கும்போது தூளி, கண் அசந்ததும் பாயில் மல்லாக்க. தூளி சும்மா தொங்கக் கூடாது. பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி விளையாடினால் புடவை கழுத்தைச் சுற்றிவிடும். வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும்.

என் இலாகா தண்ணீர். இந்தப் பக்கத்து வீடுகளில் வாசலிலேயே சம்ப். லாரி வந்ததும் மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்த்து, ஹோஸை உள்ளே விடுவார்கள். பிறகு வீட்டுக்காரர், "போன தடவை நிரம்புச்சே, இப்ப ஏன் ரெண்டு அடி குறையுது?" என்று ஆரம்பிப்பார். எல்லோர் கண்ணும் தண்ணீர்க் கணக்கில் இருக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் தவழும் பிள்ளைக்கு வாசலைப் பார்க்க ஆசை வரும். லாரி ஹாரன் கேட்டால் பேரன் என் இடுப்பில். சண்டையை மகன் பார்த்துக்கொள்வான். பாத்ரூம் பக்கெட்டும் அப்படித்தான். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே எமன். கவிழ்த்து வைத்த பக்கெட்டுக்கு யாரும் ஐந்து ஸ்டார் போடுவதில்லை. அதனால் அது யார் பட்டியலிலும் வருவதும் இல்லை.

எனவே, பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் சம்ப் மூடிக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போங்கள். முதலில் முறைப்பார்கள். குழந்தை தவழ ஆரம்பித்ததும் போன் செய்து, இன்னொரு சாவி இருக்கிறதா என்று கேட்பார்கள்.