ஃபுக்கர் போட்ட கணக்கு

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், ஃபுக்கராய் குடியிருப்பின் நடுச்சந்தில் வீடுகளெல்லாம் ஒரே சாயல். மஞ்சள் சுவர், ஓட்டுக்கூரை. வாசல் மணியை இழுக்கும் இரும்புப் பிடி மட்டும் வீட்டுக்கு வீடு வேறு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் தடவிப் பார்த்தே அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கத்தானாம். தள்ளாடி வந்தவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இருக்க நல்ல ஏற்பாடு.

இந்தக் குடியிருப்பைக் கட்டியவர் வங்கியாளர் யாகோப் ஃபுக்கர். 1519-ல் ஐந்தாம் சார்லஸ் புனித ரோமானியப் பேரரசராகத் 'தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று பாடப்புத்தகங்கள் மரியாதையாகச் சொல்லும். ஓட்டுரிமை இருந்தவர்கள் ஏழே பேர். தேர்தலுக்கு ஆன செலவோ சுமார் 8.5 லட்சம் கில்டர், அதில் 5.4 லட்சம் போல ஃபுக்கர் கொடுத்த கடன். ஓட்டுக்குத் துட்டு வரலாற்றில் தலைக்கு இவ்வளவு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பணம் திரும்பி வராமல் இழுத்தபோது, 'நான் இல்லாமல் உமக்குக் கிரீடம் ஏது?' என்கிற தொனியில் 1523-ல் பேரரசருக்கே கடிதம் போட்டார்.

இன்னொரு வாடிக்கையாளர் மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட். பதவிக்காக வாங்கிய கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார். வசூலில் பாதி ஃபுக்கர் பெட்டிக்குப் போனது. அந்தச் சீட்டு வியாபாரத்தைப் பார்த்துக் கொதித்துத்தான் மதச் சீர்திருத்தவாதி லூதர் கிளம்பினார்.

இப்படிச் சம்பாதித்தவருக்கு மேலுலகக் கணக்கு உறுத்தாமல் இருக்குமா? 1521-ல் இந்தக் குடியிருப்புக்குச் சாசனம் எழுதினார். பிச்சைக்காரர்களுக்கு இடமில்லை, உழைத்தும் நொடித்துப்போன ஆக்ஸ்பர்க் கத்தோலிக்கர்களுக்குத்தான் வீடு. வாடகை ஆண்டுக்கு ஒரு ரைன் கில்டர். கூடவே, ஃபுக்கர் குடும்பத்து ஆன்மாக்களுக்காகத் தினம் மூன்று ஜெபம். ஐந்நூறு வருடமாகியும் வாடகை ஏறவில்லை; இன்றைய காசில் 88 சென்ட். இப்போது சுமார் 150 பேர் குடியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஜெபத்துக்கு மேல் தேறும். நாலு பேர் சொல்லாமல் தூங்கிப் போனாலும் மனிதர் தப்பித்துவிடுவார்.

ஒரே சறுக்கல், கல்லறை. புனித அன்னா ஆலயத்தில் தடபுடலாக மண்டபம் கட்டிவைத்திருந்தார். 1525 டிசம்பரில் கண்ணை மூடினார். அதே ஆண்டு அந்த ஆலயம் லூதர் பக்கம் சாய்ந்துவிட்டது. செத்தவருக்காக ஜெபித்துப் பயனில்லை என்பவர்கள் நடுவில் படுத்திருக்கிறார்.

1681-ல் நடுச்சந்து 14-ஆம் எண் வீட்டுக்கு ஃபிரான்ஸ் மோட்சார்ட் என்ற கொத்தனார் குடிவந்தார். இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா. கொள்ளுப்பேரன் பிற்பாடு வியன்னாவில் உட்கார்ந்து நண்பருக்குக் கடன் கேட்டு உருகி உருகிக் கடிதம் எழுதினார். தாத்தா வீட்டைக் கேட்டிருக்கலாம்.

1944 பிப்ரவரியில் குண்டுவீச்சு. குடியிருப்பின் பெரும்பகுதி நாசம். சில நாட்களிலேயே, மறுபடி கட்டுவோம் என்று ஃபுக்கர் வம்சம் முடிவெடுத்தது. கடன் வாங்கிய ராஜாக்களெல்லாம் கையை விரித்த பழைய அனுபவம் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அதனாலோ என்னவோ, குடியிருப்பை நடத்தும் அறக்கட்டளையின் வருமானம் இப்போது பெரும்பாலும் காட்டிலிருந்து வருகிறது. மரம் மஞ்சக் கடுதாசி கொடுக்காது.

இரவு பத்து மணிக்குக் குடியிருப்பின் வெளிக்கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் வந்தால் காவலருக்கு 50 சென்ட். நள்ளிரவு தாண்டினால் 1 யூரோ. ஒரு ராத்திரி ஊர்சுற்றிவிட்டு வந்தால், ஒரு வருட வாடகையைவிட 12 சென்ட் கூடுதலாக அழ வேண்டும்.