யந்திரத்தின் பாராயணம்

மேசைக் கணினியின் திரையிலுள்ளதைப் பார்வையற்றோர் பொருட்டு உரக்க வாசிக்கும் மென்பொருள்களுள், 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இன்றளவும் காசு கேளாமல் ஊழியம் புரிந்துவரும் என்விடிஏ, குற்றம் கூறத் தகாத பரோபகாரி என்றே கருதுகிறேன். ஆயினும், நாம் எதிரே வைப்பதைத்தானே அது வாசிக்க இயலும்? ஆங்கில எழுத்துகளின்மேல் தமிழ் வடிவங்களை வேஷமாகப் போர்த்தும் பாமினி எழுத்துருவில் தயாரித்த ஒரு சுற்றறிக்கையைத் திறந்து, 'தமிழ்' என்ற சொல்லின்மீது அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்தால், அந்த உத்தமன் சற்றும் சங்கோசமின்றி 'ஜே, கே, பி, ஓ, செமி' என்று பாராயணம் செய்கிறான். பார்ப்பவர் கண்ணுக்கோ அது செந்தமிழாகவே ஜொலிக்கிறது! (தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே அங்கீகரித்துவிட்டது என்பது வேறு விஷயம்.)

இதனினும் விசேஷமானது, கணினியில் அடித்ததைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, பின்னர் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி மீண்டும் கணினிக்கே அனுப்பும் நமது சம்பிரதாயம்: அங்கே எழுத்தென்று எதுவுமில்லை, படம் மட்டுமே, ஆகவே அநேகமாக மௌனம். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை விண்ணப்பமும் இவ்வண்ணமே வந்து சேர்வதுண்டு என்பதுதான் ரசமான அம்சம். பெயர் சூட்டப்படாத பொத்தான்கள் நிறைந்த இணையப் படிவமோ, 'பட்டன், பட்டன்' என்ற நாமாவளியோடு பூர்த்தியாகிவிடுகிறது.

ஆபீஸ் கனவான்களே, முத்திரையிட்ட படத்தைத் தாராளமாக அனுப்புங்கள்; யூனிகோடில் தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் கூடவே இணைத்து அனுப்புங்கள்.