'நோ பார்க்கிங்' பலகையின் கீழ் நிற்கும் வண்டி: ஓர் இலக்கண ஆய்வு

நகரத்து வீடுகளின் கேட்டில் 'நோ பார்க்கிங்' பலகை தொங்குவதும், சரியாக அதன் அடியிலேயே ஒரு பைக் நிற்பதும் யாவரும் கண்டதே. குடிமை உணர்வு இன்மையே காரணம் என்பது பாமரர் கொள்கை. காரணம் இலக்கணமே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

'பார்க்கிங்' ஒரு ஜெரண்ட். நம் தொழிற்பெயருக்கு ஒன்றுவிட்ட தம்பி. வினையில் பிறந்து பெயராக வாழ்வது. எழுவாயாகும், செயப்படுபொருளும் ஆகும், யாரையும் ஏவாது. ஏவுவதானால் 'டோன்ட் பார்க்' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? 'நோ பார்க்கிங்' என்பது 'இவ்விடத்தில் நிறுத்துதல் என்றொன்று இல்லை' என்னும் வெறும் கூற்று. பைக்காரர் அதை மீறவில்லை. எதிர்ச்சான்று ஒன்றைக் கொண்டுவந்து, சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறார்.

வீட்டுக்காரர் வெளியே வருகிறார். 'ஐ ஆப்ஜெக்ட் டு யுவர் பார்க்கிங் ஹியர்' என்பாரா, 'யூ பார்க்கிங் ஹியர்' என்பாரா? 'யூ' வகையை ஆங்கில மொழிநடைக்கு விதி வகுத்த ஃபவுலர் சகோதரர்கள் 1906இல் 'தி கிங்ஸ் இங்கிலீஷ்' நூலில் கண்டித்து, 'ஃபியூஸ்டு பார்ட்டிசிபிள்' (ஒட்டிப்போன எச்சம்) என்று குற்றப்பெயரும் சூட்டினர். டென்மார்க்கின் இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சனோ நல்ல எழுத்தாளர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று மேற்கோள்களை அள்ளிக்கொட்டினார். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல் ஜெரண்டையும் பார்ட்டிசிபிளையும் 'ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்' என்று ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டது. 'யுவர்' என்றால் ஆட்சேபம் செயலின்மேல், 'யூ' என்றால் ஆளின்மேல் எனலாம். தெருச் சண்டையில் இரண்டும் கலந்தே வரும் என்பதை ஃபவுலர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

சண்டை முற்றியதும் பைக்காரர், "நான் யாரு தெரியுமா?" என்கிறார். இதை வினா என்று கொள்வது பிழை. அப்பாசிட்டிவ் வரப்போகிறது என்னும் முன்னறிவிப்பு இது. ஒரு பெயரை ஒட்டி உட்கார்ந்து, அதே ஆளை வேறு சொல்லால் சுட்டுவது அப்பாசிட்டிவ். 'முருகன், கவுன்சிலரோட மச்சான்.' சாரைப்பாம்பு என்னும் நம் இருபெயரொட்டோடு உறவு கொண்டாடத்தக்கது. ஆனால் சாரைக்கு இத்தனை செல்வாக்கு கிடையாது.

இங்கே காற்புள்ளிதான் உயிர்நாடி. 'தி கவுன்சிலர்ஸ் பிரதர்-இன்-லா, முருகன்' என்று காற்புள்ளி இட்டால் கவுன்சிலருக்கு ஒரே மச்சான். இடாவிட்டால் மச்சான்கள் பலர், அவர்களுள் இவர் முருகன். செல்வாக்கு எத்தனை பங்காகப் பிரிகிறது என்பது இதைப் பொறுத்தது. கெடுவாய்ப்பாக, உரத்த குரலில் காற்புள்ளி காதில் விழுவதில்லை.

'முருகன், தி கவுன்சிலர்ஸ் பிரதர்-இன்-லா, பார்க்டு ஹியர்' என்பதில் நடுப்பகுதியை நீக்கினாலும் வாக்கியம் நிற்கும் என்பது இலக்கணிகள் விதி. உண்மையே. வாக்கியம் நிற்கும், வண்டி நிற்காது.

இவற்றால் சலித்த வீட்டுக்காரர் சிலர் பலகையின் அடியில் தமிழில் 'மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று சேர்த்திருக்கிறார்கள். பிடுங்குவது யார் எனச் சொல்லாத அவ்வரி செயப்பாட்டு வினையின் ஆட்சிக்கு உட்பட்டதாகலின், வேறொரு கட்டுரைக்கு உரியது.