பத்தமடைக்கு எத்தனை ‘டி’?

இணையத்தில் ஒரு கடை தேடுகிறவர் கண்ணில் படவேண்டும் என்றால் அதற்கு இன்று ‘எஸ்இஓ’ என்று பெயர் இருக்கிறது, அதைச் செய்துதர அலுவலகங்கள் இருக்கின்றன, கற்றுத்தர வகுப்புகள் இருக்கின்றன. 2001 வாக்கில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்துப் பிரவுசிங் சென்டர் ஒன்றின் மரத்தடுப்புக்குள் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்தப் பெயர் எட்டியிருக்கவில்லை. ‘நம்ம பக்கம் யாகூவுல வருதாடா?’ என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். நீங்களும் அந்த வயதில் அப்படி ஒரு தடுப்புக்குள் இருந்தவராக இருந்தால், மோடம் கீச்சிட்டு அடங்கும் வரை மூச்சை இழுத்துப் பிடித்திருந்ததும், அரைமணி நேரத்துக்கு ஒருதரம் கடைப்பையன் கடிகாரத்தைப் பார்த்ததும், பக்கம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதும் உங்களுக்கு நினைவுக்கு வரும்.

‘நம்ம பக்கம்’ என்றது ஒரு பாய்க்கடையின் பக்கத்தை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், அம்பாசமுத்திரம் போகிற சாலையில் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையை ஊறப்போட்டு, இழையிழையாகக் கீறி, பருத்தி நூல் பாவில் கோத்து அங்கே நெய்கிற பாய், கையில் எடுத்தால் பட்டுப்புடவைக்கு உரிய வழவழப்போடு மடியும். மணமக்கள் பெயரை நெய்து தருகிற கல்யாணப் பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஆகும்; அதை நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் கடைக்காரரை நாங்கள் பாய் என்றுதான் அழைப்போம். கம்ப்யூட்டரில் கடை வைத்தால் வெளிநாட்டிலிருந்து வாங்குவார்களாமே என்று யாரோ சொல்லக் கேட்டு, கல்லூரி முடித்துச் சும்மா இருந்த எங்களிடம் அவர் வந்தார். நாங்கள் பக்கம் செய்தோம். செய்து முடித்த பிறகுதான், அப்படி ஒரு பக்கம் இருப்பது உலகத்துக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி முளைத்தது.

முதல் சிக்கல் ஊர்ப்பெயரே. ஆங்கிலத்தில் பத்தமடைக்கு இரண்டு ‘டி’யா, ஒரு ‘டி’யும் ஒரு ‘எச்’சுமா, கடைசியில் ‘ஏஐ’யா, வெறும் ‘ஏ’வா? அரசுப் பலகையில் ஒரு விதம், பேருந்தில் ஒரு விதம், பாய் தன் ரசீதுப் புத்தகத்தில் அடித்திருந்தது மூன்றாவது விதம். டொராண்டோவில் உட்கார்ந்து தேடுகிறவர் எப்படி அடிப்பார் என்று யாருக்குத் தெரியும்? அதற்கும் அன்று ஒரு வழி இருந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில், பார்க்கிறவர் கண்ணில் படாமல் தேடும் இயந்திரம் மட்டும் படிக்கிற இடம் ஒன்று உண்டு. ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்பார்கள். எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அங்கே வரிசையாக எழுதிவைத்தோம். பாய், கோரை, கல்யாணம், சீர், திருநெல்வேலி, தாமிரபரணி என்று வாயில் வந்ததெல்லாம் ஆங்கில எழுத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. கூட இருந்த நண்பன், ‘அல்வா, குற்றாலம் ரெண்டையும் போட்டா கூட்டம் பிச்சுக்கிட்டு வரும்’ என்றான். அந்த நாளில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சம்பந்தமில்லாத சொற்களை நிரப்பிவைத்த பக்கங்கள்கூட உண்டு. பாயிடம் கேட்டோம். ‘நாம அல்வா விக்கலையே தம்பி, பொறவு எதுக்கு அந்தப் பேரு?’ என்றார். அல்வா சேரவில்லை.

இன்னொன்றும் அவரிடம் சொல்லவேண்டியிருந்தது. ஊர்ப்பெயரை எப்படி அடித்துத் தேடினாலும் முதலில் வந்து நின்றவர் சுவாமி சிவானந்தர். ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்தவர், 1887-இல் பிறந்தது பத்தமடையில்; உலகமெங்கும் அவர் சீடர்கள் எழுதிய பக்கங்களில் எல்லாம் ஊர்ப்பெயர் இருந்தது. கேட்டுவிட்டுப் பாய் சிரித்தார். ‘அவங்க நம்ம ஊருப் பெரியவங்க. அவங்க மொதல்ல வரட்டும், நாம பின்னால வருவோம்.’ தேடல் முடிவில் இன்னொருவர் தனக்கு மேலே வந்ததற்காக மகிழ்ந்த வணிகரை அதன்பிறகு நான் சந்திக்கவில்லை.

இப்போது நினைக்கையில் வியப்பாக இருப்பது, எங்கள் பக்கத்தை அன்று மனிதர்கள் படித்தார்கள் என்பது. ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய யாகூ, அடிப்படையில் ஒரு விவரத் தொகுப்பு. பதிப்பாசிரியர்கள் தளங்களைத் திறந்து பார்த்து இன்ன தலைப்பின் கீழ் என்று சேர்ப்பார்கள். 2001 கடைசியிலிருந்து வணிகத் தளங்கள் அதில் இடம்பெற ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம், அன்றைய மதிப்பில் 14,000 ரூபாய்க்கும் மேல். பாய்க்கடை அந்தப் பக்கமே போகமுடியாது. ஆனால் 1998-இல் தொடங்கிய ‘டிமாஸ்’ என்ற திறந்த விவரத் தொகுப்பு இருந்தது. காசு கிடையாது, தொகுப்பவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். விண்ணப்பம் போட்டுவிட்டுப் பல மாதம் காத்திருந்தோம். ஒருநாள் பார்த்தால் பாய்க்கடை அங்கே இருந்தது! நாங்கள் எழுதிக்கொடுத்த ‘உலகப் புகழ்பெற்ற’, ‘தலைசிறந்த’ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கோரையில் கையால் நெய்த பாய்கள், மணமக்கள் பெயருடனும் கிடைக்கும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி. முகம் தெரியாத யாரோ ஒருவர் பக்கத்தை முழுக்கப் படித்து, அதில் எது உண்மை என்று எடுத்து எழுதியிருந்தார். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான், திருநெல்வேலியிலிருந்து கனடா போய்க் குடியேறிய ஒருவர் வந்து விருந்தினர் ஏட்டில் எழுதினார், மகள் கல்யாணத்துக்குப் பெயர் போட்ட பாய் வேண்டும் என்று.

இந்தத் தொகுப்புகளில் தளங்கள் அகரவரிசையில் நின்றதால் ‘ஏ’யில் பெயர் வைத்தவர்கள் மேலே நின்றதும், எண்ணில் தொடங்கியவர்கள் அவர்களுக்கும் மேலே போனதும் உண்டு. முகவரிகளை வாங்கிக்கொண்ட ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறியில் எந்திரங்களை வைத்து ஆயிரக்கணக்கில் முகவரி திணிக்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் 1997-இல் அங்கே கோணல்மாணல் எழுத்தைப் படித்து அடிக்கச் சொல்லும் சோதனை வந்தது. இன்று ரயில் டிக்கெட் எடுக்கும்போது நாம் கண்ணை இடுக்கிக்கொண்டு அடிக்கிறோமே, அதன் முன்னோர்களில் ஒன்று அது.

கூகுள் வந்தபோது எங்களுக்கு அதன் கணக்கு உடனே பிடித்துப்போனது. லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கண்ட வழி இது: ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்ப்பது, சுட்டுகிற பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு என்றும் பார்ப்பது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கும்போது, பெட்டிக்கடையில் நிற்பவர் சொல்வதையும் ஊர்த் தலைமையாசிரியர் சொல்வதையும் நம் வீட்டார் ஒரே எடையில் வாங்கிக்கொள்ளமாட்டார்கள் அல்லவா, அதே விசாரணைதான். உலாவியில் கூகுளின் கருவிப்பட்டையைப் பொருத்தினால், திறந்திருக்கும் பக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பு என்று ஒரு பச்சைக் கோடு காட்டும். அந்தக் கோடு கொஞ்சம் நீண்டதற்கு நண்பர்கள் சேர்ந்து டீயும் வடையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம்.

அதனால் ஒவ்வொரு தளத்திலும் ‘இணைப்புகள்’ என்று ஒரு பக்கம் இருந்தது. இழந்தவற்றில் நான் அதிகம் ஏங்குவது அதற்குத்தான். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பற்றி எழுதியவர், செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுத்துப் போட்டவர், தாமிரபரணிப் பறவைகளைப் பட்டியலிட்டவர் என்று நமக்குப் பிடித்தவர்களை அதில் சேர்ப்போம். சேர்த்ததை மின்னஞ்சலில் சொல்வோம். அவர்களும் நம்மைச் சேர்ப்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று போய்க்கொண்டே இருந்தால், எதைத் தேடி வந்தோம் என்பதே மறந்துவிடும், அந்த மறதியில் எத்தனையோ கற்றுக்கொண்டோம். பிறகு இணைப்புக்கு விலை வந்தது. காசுக்கு இணைப்பு விற்கும் பண்ணைகள் வந்தன. 2005-இல், இந்த இணைப்பை மதிப்பில் சேர்க்காதே என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறி ஒன்று வந்தது. 2012 ஏப்ரலில் கூகுளின் ‘பெங்குவின்’ என்ற மாற்றம், செயற்கையாகச் சேர்த்த இணைப்புகள் உள்ள தளங்களைக் கீழே இறக்கியது. விற்றவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். நட்புக்காக இணைத்தவர்களும் பயந்துபோய்த் தங்கள் இணைப்புப் பக்கத்தை அழித்தார்கள்.

தமிழைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. எங்கள் பக்கத்தில் தமிழில் ஒரு பகுதி இருந்தது, பாயின் விருப்பத்துக்காக. ஆனால் அந்தத் தமிழ், திரையில் மட்டும்தான் தமிழ். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்த எழுத்துரு அது. தேடும் இயந்திரத்துக்கு அந்தப் பகுதி முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு. டிஸ்கி என்பார்கள், டாப் என்பார்கள், டாம் என்பார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் தரம் வகுத்த பிறகும் பல பத்திரிகைகள் தத்தம் எழுத்துருவிலேயே இருந்தன. வந்தவர் முதலில் எழுத்துருவை இறக்கவேண்டும், இறக்கினால்தான் படிக்கலாம். தமிழில் எத்தனை ஆயிரம் பக்கங்கள் எழுதினாலும் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆட்கள் ஆட்களுக்குச் சொல்லித்தான் போய்ச்சேர்ந்தார்கள்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் இருந்தது, விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்தது; என்றாலும் எங்கள் பிரவுசிங் சென்டர்களில் ஓடியது விண்டோஸ் 98. 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கி, 2004-இல் தமிழ்மணம் என்ற பதிவுத் திரட்டி வந்து, வலைப்பதிவர்கள் கூட்டம் கூட்டமாக யூனிகோடுக்கு மாறியபோது நாங்களும் பாய்க்கடைப் பக்கத்தை ஒரு வார இறுதியில் உட்கார்ந்து மாற்றினோம். சில நாள் கழித்து, கூகுள் பெட்டியில் ‘கோரைப்பாய்’ என்று தமிழிலேயே அடித்தேன். எங்கள் பக்கம் வந்தது. எழுத்துக்கூட்டல் குழப்பம் இல்லை, இரண்டு ‘டி’ இல்லை, ஒளித்துவைத்த சொற்பட்டியல் இல்லை. எங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே கேட்டேன், அப்படியே கிடைத்தது. அந்த நாளின் மகிழ்ச்சியை வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் பாடுபட்டுச் சேர்த்த சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009-இல் கூகுள் அறிவித்தபோது, எனக்கு வருத்தம் வராததற்கு அந்த ஒரு நாள்தான் காரணம்.

இன்று கடையைப் பார்த்துக்கொள்வது பாயின் பேத்தி. கையில் இருப்பது ஒரு போன்; அதிலேயே கடை, தறி, வரைபடத்தில் கடை இருக்கும் இடம், வந்தவர்கள் போட்ட நட்சத்திரங்கள் எல்லாம். 2015 ஏப்ரலிலிருந்து கைப்பேசியில் சரியாகத் தெரியாத பக்கங்கள் அங்கே தேடுகிறவர்களுக்குப் பின்னுக்குப் போகின்றன. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை நொடிக்குள் திரையில் வந்துவிடவேண்டும் என்கிறார்கள். ஒரு படம் இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்த எனக்கு அதைக் கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடினால் முதலில் நிற்பவை விளம்பரங்கள், அடுத்து பெரிய அங்காடிகள், அவற்றில் கோரை நிறத்தில் பிளாஸ்டிக் பாய்கள். 2024 முதல் இந்தியாவிலும் தேடல் முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வருகிறது. பாயை வெயிலில் காயவைக்கலாமா என்று கேட்டவருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது, பக்கத்துக்குள் அவர் வருவதில்லை. வந்தால்தானே கல்யாணப் பாயைப் பார்ப்பார்!

அதே சமயம், எங்களுக்குக் கிடைக்காத ஒன்று அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது என்று தளம் நடத்துகிறவருக்கு இன்று பட்டியலே வருகிறது. ‘கோரைப்பாய் கழுவலாமா’, ‘பாயில் பெயர் எப்படி நெய்வார்கள்’, ‘குழந்தைக்குக் கோரைப்பாய் நல்லதா’. இரவு எந்நேரமோ எந்த ஊரிலோ ஒருவர் மனதில் எழுந்த கேள்விகள் அவை. அவற்றைத் தறியில் இருக்கும் பெண்களிடம் கொண்டுபோய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதச் சொன்னேன். கோரையை எத்தனை நாள் ஊறவைப்பது, எந்தப் பக்கம் கீறுவது, விரலில் எங்கே காய்ப்பு வரும் என்பதை நெய்தவர் சொன்னால்தான் உண்டு; பிளாஸ்டிக் விற்கிறவரால் அதை எழுதமுடியாது. எழுதிய சில மாதங்களில் அந்தப் பக்கங்கள் மேலே வரத் தொடங்கின. சிவானந்தர் இன்றும் எங்களுக்கு முன்னால்தான்.

கூடவே, என் பிடிவாதத்துக்காக, தளத்தின் அடியில் ‘இணைப்புகள்’ பக்கத்தைத் திரும்பவும் வைத்திருக்கிறோம். ‘இதெல்லாம் யாரு மாமா பார்ப்பா?’ என்று அவள் கேட்டாள். மனதாரக் கொடுத்த இணைப்பைத் தேடுபொறி இன்றும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்றேன். உங்களிடமும் ஒரு தளம் இருந்தால், உங்களுக்குப் பிடித்த நாலு பேரை அதில் சேருங்கள். எங்கள் பட்டியலில் குத்துவிளக்குக்காரர் இருக்கிறார், பறவைக்காரர் இருக்கிறார், சாயம் தோய்க்கும் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பத்தமடையிலேயே அடுத்த தெருவில் இன்னொரு பாய்க்கடை தளம் தொடங்கியிருக்கிறது, போட்டிக்கடைதான், நல்ல பாய் நெய்கிறார்கள். அவர்களையும் சேர்ப்பதா என்று பேத்தி போனவாரம் கேட்டாள். சேர் என்றேன். சேர்த்துவிட்டாள்.